அரைக்காத மாவு

வாய் சும்மா இருந்தால் கிரேன்காரருக்குக் கை ஓடாது. கல்யாணமான புதிதிலேயே இதை அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அவள்தான் நினைத்துக்கொண்டாள்.

துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கால் பரப்பி நிற்கும் பெரிய கிரேன். அதன் உச்சியில் கண்ணாடி போட்ட ஒரு கேபின், அதற்குள் ஒரு நாற்காலி, அந்த நாற்காலியில் இவர். காலையில் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறக்கம். காலுக்கடியிலும் கண்ணாடிதான். அதற்கும் கீழே, கம்பிகளில் ஒரு கன்டெய்னர் ஆடிக்கொண்டிருக்கும். கடல்காற்று அதை ஒரு பக்கம் தள்ளும், இவர் இன்னொரு பக்கம் இழுப்பார். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அதை லாரி முதுகில் வைக்க வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஒரு லாரி நகர்ந்து அடுத்த லாரி வந்து நிற்பதற்குள் சின்ன இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் கை பைக்குள் போகும், பிறகு கன்னம் உப்பும். ஒரு பெட்டிக்கு ஒரு வாய். பிஸ்கட்டோ, சிப்ஸோ, பொரித்த சோளமோ, ஏதோ ஒன்று பல்லுக்கடியில் நொறுங்கிக்கொண்டிருந்தால்தான் பெட்டி நேராக இறங்கும் என்பது அவர் கட்சி. யார்டு முழுக்க அவருக்குக் ‘கொறிப்பு’ என்றுதான் பெயர்.

அப்படிப்பட்ட மனுஷனைத்தான் கம்பெனி டாக்டர் பரிசோதனைக்குக் கூப்பிட்டார். கூட மனைவியும் போயிருந்தாள். ரத்தத்தில் சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது.

“சர்க்கரை இறங்கணும்,” என்றார் டாக்டர். “அது இறங்கலைன்னா நீங்க இறங்கணும். தலை சுத்தி, கண் மங்கி, மேல இருந்து பெட்டியைத் தவற விட்டீங்கன்னா கீழ நிக்கிறவங்க கதி என்ன? மூணு மாசம் தரேன். மூணு மாச சராசரி ரத்தத்துலயே தெரிஞ்சுடும், அதைத்தான் பார்ப்பேன்.”

“என்ன சார் பண்ணணும்?” என்று கேட்டது மனைவிதான்.

“மாவுச்சத்து. அதைச் சுத்தமா குறைக்கணும், அவ்வளவுதான். அடுத்த ஆளு!”

வீடு வந்து சேரும்வரை கிரேன்காரருக்கு ‘நீங்க இறங்கணும்’ என்றதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. இறக்கிவிட்டால் என்ன வேலை கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். யார்டு கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, வருகிற லாரியை எல்லாம் எண்ணச் சொல்வார்கள். அவருக்கு முந்தி கிரேன் ஓட்டியவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் அண்ணாந்து பார்த்தே ஓய்ந்துபோனார்கள். அதை நினைத்துக்கொண்டே சமையலறை மேஜை முன்னால் பொத்தென்று உட்கார்ந்தார்.

மனைவிக்கு உட்கார நேரமில்லை. சமையலறை அலமாரியைத் திறந்தாள். அவள் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். மேஜை விரிப்புக்கும் சமையல்காரர்களின் கோட்டுக்கும் கஞ்சி போட்டு, விறைப்பாக இஸ்திரி போடுவது அவள் வேலை. கறை என்றால் கடைசிப் பொட்டுவரை எடுத்துத்தான் பழக்கம். ரொட்டியும் பிஸ்கட்டும் கேக்கும் வரிசையாக மேஜைக்கு வந்தன. அவள் தம்பியும் அங்கே இருந்தான். கிரேனுக்குக் கீழே நின்று வாக்கி டாக்கியில் “இடது, இன்னும் இடது, இறக்குங்க மாமா” என்று சொல்லும் சிக்னல்காரன் அவன்தான். அக்கா வீட்டில்தான் அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு.

“பிஸ்கட்டாவது...” என்று ஆரம்பித்தார் கிரேன்காரர்.

“மாவு.”

“கேக்கு?”

“அதுவும் மாவு.”

“நூடுல்ஸ்?”

“மாவைத்தானே இழுத்து நீட்டி வச்சிருக்கான்! எனக்கே கதை விடறீங்களா?”

“சரி, உருளைக்கிழங்கு சிப்ஸ்?”

மாவு என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“அது கிழங்குடி,” என்றார் அவர். குரலில் உயிர் வந்திருந்தது.

“கிழங்குதான்...”

“அக்கா, நான் ஒண்ணு சொல்றேன்,” என்று தம்பிக்காரன் குறுக்கே வந்தான். வாங்குகிற சிப்ஸில் பாதி அவன் வயிற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. “மாவுன்னா என்ன? அரைச்சது. அரைச்சாத்தான் மாவு. கிழங்கை யாரு அரைக்கிறா? சீவித்தானே போடறாங்க. சீவினா அது சீவல்.”

“பொரிச்ச சோளம்?” என்றார் கிரேன்காரர், சந்தடி சாக்கில்.

“முழு சோளம் மாமா அது. வெடிச்சிருக்கு, அவ்வளவுதான். யாரும் அதை அரைக்கலை.”

மனைவி யோசித்தாள். டாக்டர் சொன்னது என்ன? மாவுச்சத்து. அதாவது மாவில் இருக்கிற சத்து. மாவே இல்லாத பொருளில் மாவுச்சத்து எங்கிருந்து வரும்? கணக்கு சரியாகத்தான் வந்தது. இருந்தாலும் அவள் சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை.

“கடைச் சிப்ஸை நம்ப மாட்டேன். மொறுமொறுப்புக்கு மாவு தூவியிருப்பான். நானே வீட்ல சீவிப் போட்டுத் தரேன். என் கையால கொடுக்கறது தவிர ஒரு துகள் உள்ள போகக் கூடாது.”

“தாயே, நீ நல்லா இருப்பே,” என்று கையெடுத்துக் கும்பிட்டார் கிரேன்காரர்.

அன்றையிலிருந்து அவளுக்குப் பிடித்தது சனி. விடிவதற்கு முன் எழுந்து கிழங்கைத் தோல் சீவி, காகிதம் மாதிரி மெல்லிசாக வில்லை போடுவாள். ஒரு பேசின் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, எண்ணெயில் விடுவாள். பொன்னிறமாக வந்ததும் எடுத்து, உப்பும் மிளகும் தூவி, டப்பாவில் அடைத்து அவர் பையில் வைப்பாள். கூடவே கைக்குட்டையில் கொஞ்சம் பொரித்த சோளமும் கட்டித் தருவாள். பிறகு ஓட்டமும் நடையுமாகச் சலவைக்கூடத்துக்குப் போய், சாயங்காலம்வரை இஸ்திரிப் பெட்டியோடு நிற்பாள். கால் வீங்கும், விரல் நுனியில் எண்ணெய் தெறித்த கொப்புளம் எரியும். ஆனாலும் மனசுக்குள் ஒரு பெருமை இருந்தது. பத்தியமும் நடக்கிறது, மனுஷன் முகமும் வாடவில்லை. வேறு எந்தப் பெண்டாட்டிக்கு இந்தச் சாமர்த்தியம் வரும்?

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் பார்சல் அனுப்பினாள். உள்ளே ஒரு டப்பா நிறைய பிஸ்கட். பார்சல் வந்த கையோடு போனும் வந்தது.

“அம்மா, அது அப்பாவுக்கு. பாதாம் மாவுல நானே செஞ்சது.”

“என்ன மாவு?”

“பாதாம் மாவும்மா. அதை அப்பா தாராளமா சாப்பிடலாம். அது மாவு இல்லை.”

“மாவுன்னு நீதான் சொல்றே. மாவு இல்லைன்னும் நீயே சொல்றே. உங்கப்பாவைக் கேட்டுல உட்கார வைக்கணும்னு வேண்டுதலா?”

“ஐயோ, பாதாம்ல அந்தச் சத்து...”

“அரைச்சியா இல்லையா?”

“அரைச்சேன்...”

“அப்ப மாவுதான். போனை வை.”

டப்பா தம்பிக்காரன் கைக்குப் போனது. கிரேன்காரர் அதைப் பார்த்த பார்வை கல்லையும் கரைக்கும். மனைவி கரையவில்லை.

பாதிக் காலம் போனதும், எவ்வளவு இறங்கியிருக்கிறது பார்ப்போம் என்று மருந்துக்கடையில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். ஏறியிருந்தது. கடைக்காரர் இன்னொரு விரலில் குத்தினார். அதிலும் ஏறித்தான் இருந்தது.

தெருவில் வைத்தே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“எங்க வச்சுத் தின்றீங்க?”

“என்னத்தை?”

“பிஸ்கட்டை! கேக்கை! மேல ஒரு கடையே வச்சிருக்கீங்களா?”

“நீ கொடுக்கறதைத் தவிர நான் ஒண்ணும் தொடலைடி. சத்தியமா.”

“அப்ப சர்க்கரை என்ன ஏணி வச்சு ஏறுச்சா?”

அவர் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தார். அந்த முழியைத்தான் அவள் திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டாள். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு வேவு பார்க்கச் சொன்னாள்.

“நான் கீழ, அவர் அவ்வளவு உயரத்துல. என்னத்தைக்கா பார்க்கறது? வாக்கி டாக்கியில கறுக் மொறுக்குன்னு நாள் முழுக்கச் சத்தம் வருது. அது சிப்ஸா பிஸ்கட்டான்னு எனக்கு என்ன தெரியும்?”

“எனக்குத் தெரியும்,” என்றாள் அவள்.

மறுநாள் சலவைக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு யார்டுக்கே போய்விட்டாள். தம்பி தலையில் அடித்துக்கொண்டு, ஒரு பாதுகாப்புத் தொப்பியை மாட்டிவிட்டு, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளை நிறுத்தினான். நல்ல காற்று. மேகம் கருக்கட்டி நின்றது. உச்சியில் கேபின் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதற்குள் இருப்பது தன் புருஷன் என்று நினைத்ததும் அவளுக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது. அந்தப் பயம் கோபமாக மாற வெகுநேரம் ஆகவில்லை.

தம்பி கையில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. பிறகு வந்தது அந்தச் சத்தம். நிதானமான, ருசித்து மெல்லுகிற சத்தம்.

“கறுக்... கறுக்... மொறுக்.”

“பிஸ்கட்!” என்றாள் அவள். “சிப்ஸ்னா ‘சர்ருக்’னு உடையும். இது ‘கறுக்’குனு உடையுது. கேளு!”

“அக்கா, அவசரப்படாதே. காத்துல...”

அவள் வாக்கி டாக்கியைப் பிடுங்கிப் பொத்தானை அழுத்தினாள்.

“துப்புங்க!”

அந்த அலைவரிசையில்தான் யார்டே ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர்கள் பிரேக் போட்டார்கள். வாயில் சிகரெட் வைத்திருந்த ஒருவர் தம்மையே துப்பச் சொல்கிறார்கள் என்று துப்பிவிட்டார். மேலே கன்டெய்னர் அந்தரத்தில் அப்படியே நின்றது.

“யாரு?” என்று கேபினிலிருந்து மெலிதாக ஒரு குரல் வந்தது.

“உங்க பொண்டாட்டி! வாயில இருக்கறதைத் துப்புங்க!”

“சிப்ஸ்டி! நீ கொடுத்த சிப்ஸ்தான்டி!”

“பொய்!”

பெட்டியை இறக்கிவிட்டு அவரும் இறங்கி வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பையைத் தரையில் கவிழ்த்தார். சட்டைப் பை, பேன்ட் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டினார். டப்பாவில் சிப்ஸ் மட்டும்தான் இருந்தது. கைக்குட்டையிலிருந்து இரண்டு பொரித்த சோளம் உருண்டு ஓடியது.

“இத்தனை வருஷத்துல உனக்கு ஒளிச்சு ஒரு வாய் தின்னிருக்கேனா?” என்று கேட்டார். “தின்னா உன் எதிர்ல உட்கார்ந்து தின்னிருக்கேன். திட்டு வாங்கிட்டே தின்னிருக்கேன். என்னைப் போய் திருடன்னு இத்தனை பேர் முன்னால...”

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பிக்காரனுக்குச் சூப்பர்வைசரிடம் கிடைத்த அர்ச்சனை தனிக்கதை. அன்று ராத்திரி கிரேன்காரர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் டப்பா இல்லாமலே கிளம்பினார். அவள் வில்லை போட்டு வைத்த கிழங்கு பேசின் தண்ணீரிலேயே கிடந்தது. எண்ணெய் வைக்க அவளுக்கும் மனசு வரவில்லை.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, கிழங்கை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்ணீரைச் சாய்த்தாள். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தினமும் உடனே கொட்டிவிடுவதால் இது நாள்வரை கண்ணில் பட்டதில்லை. விரலால் வழித்தாள். வழுவழுவென்று வந்தது. கட்டைவிரலால் தேய்த்ததும் நெறுநெறுத்தது. அந்த நெறுநெறுப்பை அவள் விரல் நன்றாகவே அறியும். சலவைக்கூடத்தில் தினமும் கஞ்சிக்கென்று அந்த மாவைத்தானே கரைக்கிறாள்!

“இருக்காது,” என்று வாய்விட்டே சொன்னாள்.

அந்த வண்டலைக் கரைத்து அடுப்பில் வைத்தாள். கிண்டக் கிண்டக் கண்ணாடி போல மாறி, கூழாகத் திரண்டது. கஞ்சியேதான். ஒரு கைத்துண்டை அதில் தோய்த்துப் பிழிந்து, இஸ்திரி போட்டாள். துண்டு அட்டை மாதிரி விறைத்து நின்றது. அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அரைக்கவில்லை. கிழங்கு தனக்குள்ளேயே மாவை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கிரேன்காரர் வந்ததும் துண்டை மேஜைமேல் வைத்தாள். அது தானாகவே நின்றது.

“என்ன இது?”

“கஞ்சி.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். கோட்டுக்குப் போடறதை இத்தனை நாளா உங்க ரத்தத்துக்குப் போட்டிருக்கேன்.” அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “கிழங்கு பூரா மாவுங்க. நீங்க எதையும் தின்னலை. நான்தான் தினம் விடிகாலையில எழுந்திருச்சு, கையைச் சுட்டுக்கிட்டு, ஊட்டியிருக்கேன்.”

அவர் துண்டைத் தட்டிப் பார்த்தார். டொக்கென்றது. இன்னொரு தரம் தட்டிவிட்டு அவளைப் பார்த்தார்.

“அப்ப நான் திருடன் இல்லை?”

“இல்லை.”

“அதை யார்டுல வந்து சொல்லுவியா?”

“விளையாடாதீங்க! இருக்கிறது பாதி நாள்தான். சராசரி பார்ப்பேன்னு அந்த ஆளு சொல்லியிருக்காரு. இந்தக் கிழங்கு எல்லாம் அதுல வந்து நிக்குமே!”

மகளுக்குப் போன் போட்டார்கள். அவள் முதலில் கத்தினாள், பிறகு சிரித்தாள், அப்புறம் கிழங்கு, சோளம், சோறு எல்லாவற்றிலும் அரைக்காமலே அந்தச் சத்து இருக்கிறது, பாதாமில்தான் கம்மி என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். கடைசியில், “நான் அனுப்பின பிஸ்கட் இருக்கா?” என்று கேட்டாள். தம்பிக்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நல்லாத்தான் இருந்துச்சு,” என்றான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது சத்தத்துக்கான தேடல். மாவும் இருக்கக் கூடாது, பல்லுக்கடியில் நொறுங்கவும் வேண்டும். வெள்ளரிக்காய் கொடுத்தாள். “சத்தம் வருது, திருப்தி வரலை,” என்றார். வறுத்த பாதாம் பரவாயில்லை, ஆனால் ஒரு பெட்டிக்கு ஒரு வாய் என்றால் கட்டுப்படியாகாது. பூசணி விதை பல்லிடுக்கில் மாட்டி, ஒரு லாரியைக் காக்க வைத்துவிட்டது. கோழித்தோலை மொறுமொறுவென்று வறுத்துக் கொடுத்த அன்று பாட்டுப் பாடிக்கொண்டே இறக்கினார் என்று தம்பி வந்து சொன்னான். அதற்கடுத்த வாரம், சீஸைத் துருவி, சூடான தோசைக்கல்லில் வட்டமாகத் தூவி, நுரைத்து அடங்கியதும் எடுத்து ஆறவைத்தாள். கண்ணாடி மாதிரி உடைந்தது. கிரேன்காரர் ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

“இது பெட்டி இறக்கும்,” என்றார்.

அளவோடுதான் கொடுத்தாள். அரைக்காத சோற்றையும் ஒரு கரண்டியாகக் குறைத்தாள். சாயங்காலத்தில் நடக்கவும் வைத்தாள். மருந்துக்கடையில் விரல் குத்தும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் அந்தச் சராசரி அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது அந்தக் கல் இன்னும் கனத்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

“இன்னிக்கு எடுத்தது பிரமாதமா இருக்கு. சராசரி மோசமா இருக்கு. இது எனக்குப் புதுசு இல்லை. பரிசோதனைக்கு முன்னாடி கொஞ்ச நாள் வாயைக் கட்டிட்டு வந்து என்னை ஏமாத்தலாம்னு பார்க்கறீங்க. உண்மையைச் சொல்லுங்க. என்ன தின்னீங்க?”

கிரேன்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது. புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“சிப்ஸ் சார்,” என்றார் அவர். “திருட்டுத்தனமாத் தின்னேன். இவளுக்குத் தெரியாது. இவ பாவம், எவ்வளவோ தடுத்தா.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“தெரியாமத் தின்னா மன்னிக்கலாம். ஒளிச்சுத் தின்கிற ஆளை எந்த நம்பிக்கையில மேல ஏத்தறது? கீழ மனுஷங்க நிக்கறாங்க. மன்னிக்கணும். கேட்டுல ஒரு இடம்...”

“பொய்!” என்று அவள் எழுந்தே விட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. “பொய் சார்! இந்த மனுஷனுக்கு ஒளிச்சுத் தின்னவே தெரியாது. நான்தான் போட்டேன். என் கையால சீவி, என் கையால பொரிச்சு, டப்பாவுல அடைச்சுக் கொடுத்தேன்!”

“ஏம்மா? நான் மாவுச்சத்து கூடாதுன்னு சொன்னேனே!”

“அதான் சார்! மாவுன்னுதானே சொன்னீங்க? கிழங்குன்னு சொன்னீங்களா? மாவுன்னா அரைச்சது. ரொட்டியைத் தூக்கிப் போட்டேன், பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டேன். என் பொண்ணு பாதாம் மாவுல செஞ்சு அனுப்பினதைக்கூடத் தொட விடலை.”

“அதையும் குப்பையில போட்டீங்களா?”

“என் தம்பி வாயில போட்டேன்.”

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. அரைத்தால் மாவு, சீவினால் சீவல் என்ற சட்டத்தையும், யார்டில் “துப்புங்க” என்று கத்தியதையும், விறைத்து நின்ற துண்டையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். தன் முட்டாள்தனத்தை இப்படி வரிசையாகச் சொல்லிக் கேட்டபோது அவளுக்கே காது சுட்டது. “முட்டாள் நான் சார். இறக்கணும்னா என்னை எதுலேர்ந்தாவது இறக்குங்க. இவரை விட்டுடுங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. அப்போது கதவு இடுக்கில், பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த ஒரு லாரி டிரைவரின் தலை தெரிந்தது.

“அப்ப பொரிச்ச சோளமும் கூடாதா சார்?” என்று அவர் கேட்டார். கையில் பாதி தின்ற பொட்டலம் இருந்தது. “போன மாசம் நீங்க எங்கிட்டயும் மாவுன்னுதான் சொன்னீங்க.”

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இனிமே ஒவ்வொண்ணையும் பேர் சொல்லித்தான் சொல்லணும் போல இருக்கு,” என்றார். கிரேன்காரர் பக்கம் திரும்பினார். “இப்ப இறங்கிட்டு வருது. மேலயே இருங்க. வாரா வாரம் வந்து குத்திக் காட்டணும். இன்னொரு மூணு மாசம் கழிச்சுச் சராசரி பார்ப்போம். இந்தம்மா சொல்றதைத் தவிர வேற எதையும் தின்னாதீங்க. ஆனா இந்தம்மா எதைக் கொடுக்கறதுக்கு முன்னாடியும் உங்க பொண்ணைக் கேக்கட்டும்.”

வெளியே வந்து யார்டு கேட்டுவரை இருவரும் நடந்தார்கள். அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றாள்.

“எதுக்குப் பொய் சொன்னீங்க? திருடன்னு சொன்னதுக்கு அன்னிக்கு அவ்வளவு அழுதீங்க. இன்னிக்கு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.”

“நீ தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தே. எனக்குப் பார்க்கப் பிடிக்கலை,” என்றார் அவர். “சரி, உனக்கு என்ன வந்துச்சு? வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல? டிரைவரு, டாக்டரு, எல்லார் முன்னாலயும் உன் மானத்தை நீயே வாங்கிக்கிட்டே.”

“கேட்டுல போட்டா உங்களுக்கு வேலை பாதி நாள்தான். மத்தியானமே வீட்டுக்கு வந்துடுவீங்க. வந்து அலமாரியைத் திறந்து திறந்து ‘என்ன இருக்கு, என்ன இருக்கு’ன்னு கேட்டு என் உயிரை எடுப்பீங்க. அதுக்கு மானம் போறது எவ்வளவோ மேல்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நீங்க அங்கயே இருங்க. அங்க இருந்தாத்தான் நீங்க நீங்களா இருக்கீங்க.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். லிஃப்ட் மெதுவாக மேலே போயிற்று. கேபினுக்குள் அவர் உட்கார்வது தெரிகிறவரை அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு, சலவைக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே என்று ஓட ஆரம்பித்தாள்.